பானட்டில் பதினாறு வெட்டு

மே மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஜீப்பு பானட்டில் பதினாறு வெட்டு.

அமல், உன் அப்பா ஒரு சூளைக்காரன்; சூளைக்காரன் எதை எழுதினாலும் தேதி, மணி, எண்ணிக்கை மூன்றையும் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. உனக்கு இப்போது ஏழு வயது. இதைப் படிக்கும்போது இருபதோ இருபத்தொன்றோ ஆகியிருக்க வேண்டும். எங்கேயோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டு, பெட்டியை மூடாமல் கட்டிலில் உட்கார்ந்து, "இந்த ஆளுக்கு என்னதான் வேணுமாம்" என்று சலித்துக்கொண்டே நீ படிக்க வேண்டும். அந்தச் சலிப்பைப் பார்த்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ இப்போது பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாய். உனக்கு என்ன ஆனது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இருபத்தைந்து நாளாகத் தெரியும். நான் சொல்லவில்லை.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து விருத்தாசலம் வந்தேன், உன் பழைய ஆஸ்பத்திரி சீட்டையும் அம்மாவுக்கு மாற்றுத் துணியையும் எடுத்துப் போக. மத்தியானம் மூன்று மணிக்கு உன் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கப் போகிறார்கள். மூளையில் கிருமி ஏதாவது இருக்குமோ என்று பார்க்கிறார்கள். இல்லாத கிருமியைத் தேடுகிறார்கள். சற்று முன்னால் வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க. பதினோரு மணிக்கு மேல பண்ணுங்க. எதாச்சும் அவசரமா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, அப்புறம் பண்றேன்" என்றேன். அவரிடமே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். வாய் வரவில்லை. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் மறுபடியும் ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் வூட்டுக்குப் பக்கத்து ஷெட்டில், ஜீப்புக்கு எதிரில் ஒரு கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஜீப்பு உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. நினைவு என்ற வார்த்தையை எழுதவே கை கூசுகிறது. பட்டாளத்தில் கழித்து ஏலத்தில் விட்டது, பெட்ரோல் என்ஜின், மேலே கான்வாஸ் கூரை. நான் பீங்கான் டிப்ளமோ முடித்து, இங்கே ஃபியூஸ் கட்டையும் கரண்டு கம்பத்துக் குமிழும் சுடுகிற ஒரு யூனிட்டில் சூளைப் பொறுப்பில் இருக்கிறேன். நம் மாவட்டத்து மங்களூர் பக்கம் களிமண் பள்ளங்களுக்குள் இறங்கி மண் மாதிரி எடுத்து வர ஒரு வண்டி தேவைப்பட்டது. அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன். உண்மை என்னவென்றால் ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீயும் நானும் மணிமுத்தாற்றுக்குள் இறங்கிவிடுவோம். தண்ணீர் இல்லாத ஆறு, முட்டி வரை மணல். உனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்து நீ சத்தமாகச் சொல்ல வேண்டும். "பாதிக்கு வந்துடுச்சுப்பா. பாதிக்கு மேலப்பா. சிவப்புப்பா, சிவப்பு." சிவப்பு என்றதும் நான் நிறுத்துவேன். பானட்டைத் தூக்கினால் குக்கர் மாதிரி சீறும். நீ பாட்டிலோடு தயாராக நிற்பாய். பத்து நிமிடம் ஓட்டினால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். உனக்கு நிற்பதும் பிடித்திருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது.

ஒரு என்ஜின் ஏன் சூடாகிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மீதிக் கதை அதில்தான் இருக்கிறது. ரோட்டில் வேகமாகப் போகும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மணலில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தால் காற்று வராது, என்ஜின் மட்டும் உயிரைக் கொடுத்து உழைக்கும். பானட்டுக்கு அடியில் சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். நான் முதலில் செய்தது, பானட் மேல் முன்பக்கம் பார்த்து வாய் திறந்த ஒரு தகர மூக்கு வைத்தது. வீடியோவில் பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருந்தது. ஆற்று மணலில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூக்குக்குள் காற்று போக வண்டி வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடினால் மூக்கே தேவையில்லை. இது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது. நீ சுற்றியிருக்கிறவர்களிடம் "அப்பா ஜீப்புக்கு மூக்கு வச்சிருக்காரு" என்று சொல்லித் திரிந்தாய். அதனால் அதைக் கழற்ற மனசில்லாமல் விட்டுவைத்தேன்.

இரண்டாவது தடவை யோசித்துச் செய்தேன், அதுதான் கொடுமை. சூளையில் என்ன செய்வோம்? சூடு முன்பக்கம் நுழையும், பின்பக்கம் புகைபோக்கி வழியாகப் போகும். நடுவில் எந்த ஓட்டை இருந்தாலும் மண் அப்பி அடைப்போம். ஓட்டை இருந்தால் இழுப்பு கெட்டுவிடும். இதே கணக்கை ஜீப்பில் போட்டேன். பானட்டின் பின்கோடியில், முன்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு நீள வெட்டு. என்ஜினுக்கு அடியிலும் சக்கரத்துப் பக்கமும் இருந்த சந்துகளை எல்லாம் தகடு வைத்து அடைத்தேன், காற்று கீழே கசியாமல் நேராகப் பின்னால் வந்து மேலே ஏற வேண்டும் என்று. டிங்கரிங் கடை சலீம் பாய்தான் வெட்டினார். என் வயதுதான், வாய் சும்மா இருக்காது. கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஜீப்புக்கு ரேடியேட்டர் வெப்பாங்க, கேள்விப்பட்டுருக்கேன். நீ சூளை கட்டுற. அப்டியே மேல நாலு ஓடு போட்டா பொங்கலும் வெச்சுக்கலாம்" என்றார். "வெட்டுங்க பாய், கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்" என்றேன். "கணக்கு உன்து, தகடும் உன்து. எனக்கென்ன" என்று வெட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆற்றில் இறங்கினோம். முள் பாதியைத் தாண்டவில்லை. நீ எம்பி எம்பிக் குதித்தாய். கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்த நாள் அது. அன்று உன் அம்மாவும் வந்திருந்தாள். கரையேறும்போது, "ஏங்க, உள்ள ஏதோ நாத்தம் வருதுங்க. பஸ் ஸ்டாண்டுல வண்டி பின்னாடி நின்னா வருமே, அது மாதிரி. எனக்குத் தலைய வலிக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு, சூட்டுக்கு வாடை வரும்." அவள், "பெயிண்ட் வாடை எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீ டீச்சர் ட்ரெய்னிங் படிச்சவ, நான் சூட்டையே படிச்சவன். முள்ளப் பாரு" என்றேன். நீ பின்சீட்டில் சிரித்தாய். அவள் அதற்கப்புறம் பேசவில்லை. அடுத்த வாரமும் ஒரு தடவை சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை.

என்ஜினிலிருந்து புகைக்குழாய் புறப்படும் இடத்தில், புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் ஒன்று இருக்கும். அது விரிசல் விட்டுக் கொஞ்ச நாளாகிவிட்டது. காலையில் வண்டியை எடுக்கும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும், வண்டி சூடானால் நின்றுவிடும். வால்வு சத்தம் என்று விட்டுவிட்டேன். முன்பெல்லாம் அங்கே கசிந்த புகை கீழே சந்துகள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சந்துகளை அடைத்தது நான். எல்லாவற்றையும் கண்ணாடி ஓரத்துக்குத் திருப்பியதும் நான். கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன மூடி உண்டு, திறந்தால் உள்ளே கால்மாட்டில் காற்று வரும். பட்டாளத்துக்காரன் வெயிலுக்கு வைத்தது. என் பதினாறு வெட்டும் அந்த மூடிக்கு நேர் எதிரில்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு அன்று சேத்தியாத்தோப்பில் உன் ஸ்டெல்லா பெரியம்மா வூட்டுக்குப் போயிருந்தோம். உன் அம்மாவுக்கு ஒரே அக்கா. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. நீ போனால் அந்த வூட்டில் உனக்குத்தான் முதல் தட்டு. பூசை முடிந்து வந்ததும் புளிசோறும் அவித்த முட்டையும் வைத்தார். நீ ஒரு முட்டையோடு எழுந்துவிட்டாய், இன்னொன்றை ஓடிவந்து வாயில் திணித்தார். புனித வாரத்துக்கு அம்மா அங்கேயே இரண்டு நாள் தங்குவதாக இருந்தாள். நானும் நீயும் கிளம்பினோம். உன் கையில் குருத்தோலைச் சிலுவை இருந்தது. வெயில் உன் பக்கம் அடித்ததால் அந்தப் பக்கத்து கான்வாஸை இறக்கிவிட்டேன். புழுதிக்காகப் பின்னாலும் இறக்கிவிட்டேன். என் பக்கம் மட்டும் திறந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் கரும்பு டிராக்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, எதிரிலும் லாரி. முந்த முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். "முள்ளு ஏறலப்பா" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். பெருமையாகச் சொன்னாய். அப்புறம், "ப்பா, வேர்க்குது" என்றாய். நான் அந்த மூடியைத் திறந்துவிட்டு, "சீட்ட விட்டு கீழ உக்காந்து மூஞ்சிய அங்க வச்சுக்க. காத்து வரும் பாரு" என்றேன். நீ இறங்கி உட்கார்ந்து, மூடிக்கு எதிரில் முகத்தை வைத்துக்கொண்டாய். "வருதுப்பா" என்றாய். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

பாதி வழியில் வாந்தி எடுத்தாய். கண் திறக்கவில்லை. தூக்கினால் கை தொங்கியது. கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். விருத்தாசலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போட்டேன். டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டான்?" புளிசோறு, முட்டை என்றேன். "முட்டையா இருக்கும். வெயில் வேற" என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள், மூக்கில் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள், சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாய். விஷயம் கேட்டு ராத்திரியே அம்மாவும் வந்துவிட்டாள். எனக்கும் மண்டை பிளந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை எனக்குத் தெரியாது, அமல். அதுவரை நான் வெறும் முட்டாள்தான். பொய்யன் இல்லை.

மறுநாள் யூனிட்டில் இடுப்பில் மீட்டரை மாட்டும்போதுதான் கை நின்றது. சூளைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் கார்பன் மோனாக்சைடு மீட்டர் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். புகையோடு வருகிற விஷவாயு அது; நிறம் கிடையாது, வாடை கிடையாது, மூச்சில் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். உன் அம்மாவுக்கு அடித்த நாற்றம் அதனோடு சேர்ந்து வந்த மற்றப் புகையின் நாற்றம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வூட்டுக்கு வந்து ஷெட் கதவைத் திறந்து, ஜீப்பை வெளியே வைத்து ஓடவிட்டு, கான்வாஸை அதே மாதிரி இறக்கிவிட்டு, மீட்டரை நீ முகம் வைத்த இடத்தில் வைத்தேன். கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. சந்தேகம் போகாமல் பானட்டில் வரிசையாகத் தையல் நூலை ஒட்டிப் பார்த்தேன். பின்கோடி வெட்டுகளில் ஒட்டிய நூல் எல்லாம் மேலே எழுந்து, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, அந்த மூடிக்குள் தலையை நீட்டின. பதினாறு நூல். இதோ எதிரில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, பிய்க்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று உனக்கு நான் ஒரு நல்ல காரணம் தர முடியாது. நீ முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாய். "சரியாத்தான் இருக்கான், இப்ப சொல்லி என்ன" என்று தோன்றியது. அதைவிடப் பெரிய காரணம் உன் அம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தாள் என்பது. யாரும் சொல்லாமல் நடந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அவள் மூக்கு சொன்னதை நான் படிப்பைக் காட்டி வாயடைத்தேன், அதை அவளுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? வண்டிக்கு பேட்டரி போய்விட்டது என்று சொல்லி ஷெட்டில் ஏற்றிப் பூட்டினேன். முட்டைப் பேச்சை நான் தொடங்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள். உன் அம்மா போனில் அக்காவிடம், "வெயில் காலத்துல எந்தக் கடை முட்டைய வாங்குன நீ? பெத்திருந்தா தெரியும்" என்று கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாவது வாரம் நீ மாறினாய். முதலில் நடை. எழுந்து நிற்பதற்குள் ஏதோ யோசித்தாய். படுக்கை நனைந்தது, அம்மா திட்டினாள், நீ எதற்குத் திட்டுகிறாள் என்று புரியாமல் பார்த்தாய். உனக்கு ரயில் ஸ்டேஷன் எல்லாம் தலைகீழாகத் தெரியும். விருத்தாசலத்தில் ஏறினால் பூவனூர், உளுந்தூர்பேட்டை, பரிக்கல், திருவெண்ணெய்நல்லூர் ரோடு என்று விழுப்புரம் வரை மூச்சு விடாமல் சொல்வாய். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். பூவனூர், உளுந்தூர்பேட்டை, பரிக்கல் என்றாய். நின்றாய். மறுபடி பூவனூர் என்றாய். மறுபடி பரிக்கலில் நின்றாய். நாலாவது தடவை நீயே, "ப்பா, ரயிலு அங்கயே நிக்குது" என்றாய். அம்மா சிரித்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். இந்த விஷம் சில பேரை முதலில் விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மூளையில் வேலை காட்டும் என்று சூளைப் பாதுகாப்பு வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

உன்னைப் பாண்டிச்சேரியில் சேர்த்த அன்று ஒரு இளம் டாக்டர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். "எலி மருந்து? பூச்சி மருந்து? புகை கிகை எதாச்சும் மூடுன எடத்துல சுவாசிச்சானா?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். சந்தேகத்தால் இல்லை, டெக்னிக்கல் கேள்வி என்றால் அவள் என்னைத்தான் பார்ப்பாள். "இல்லை" என்றேன். அவர் "புகை: இல்லை" என்று எழுதினார். எழுதும்போது பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் அந்தப் பேனா ஓடுகிறது என் தலைக்குள்.

நேற்று மத்தியானம் உன் பெரியம்மா வந்திருந்தார். அம்மா உள்ளே விடவில்லை. வார்டுக்கு வெளியே சுவரோரம் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "தம்பி, முட்டை அன்னிக்குக் காலைலதான் வாங்குனது. நானும் ரெண்டு தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார். அவரே தொடர்ந்தார். "புள்ளைக்கு ரெண்டாவது முட்டைய நான்தான் வாயில திணிச்சேன். வேணாம்னான். திணிச்சேன்" என்றார். அப்போது நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். "பரவால்ல விடுங்கக்கா. தெரிஞ்சா செஞ்சீங்க" என்றேன். அவரை நான் மன்னித்தேன், அமல். நான் செய்ததற்கு அவரை மன்னித்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நீங்களாச்சும் சொன்னீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த அந்தக் கையோடுதான் காலையில் பஸ் ஏறினேன்.

நீ வளர்ந்து இதைப் படிக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் சொல்கிறேன், கேட்டால் கேள். உனக்கும் வண்டிப் பைத்தியம் இருக்கும், என் ரத்தம். பானட்டை வெட்டாதே என்று சொல்ல மாட்டேன். வெட்டு. ஆனால் ரேடியேட்டருக்குப் பின்னாலேயே, பானட்டின் முன்பாதியில் வெட்டு. அங்கே காற்று மேலே எழும்பிப் போகும், சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி ஓரத்தில் காற்று முட்டி நிற்கும், அங்கே எதையும் விடாதே. மெதுவாக ஓட்டுகிறவனுக்கு மூக்கு வேண்டாம், ஃபேனைச் சுற்றி நல்ல கூடு வேண்டும். சந்துகளை அடைப்பதற்கு முன்னால் அவற்றின் வழியாக இத்தனை நாளும் என்ன போய்க்கொண்டிருந்தது என்று பார். வெட்டியதும் நூல் ஒட்டிப் பார், பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் பார். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: பக்கத்து சீட்டில் இருக்கிறவள் நாற்றம் வருகிறது என்று சொன்னால், முள் எங்கே நின்றாலும் சரி, வண்டியை நிறுத்திக் கீழே இறங்கு. முள் என்ஜினுக்கு மட்டும்தான் பேசும்.

சூளைக் குறிப்பு நோட்டுக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை சூட்டை எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியானது, அதன் கீழே கையெழுத்தும் மணியும். சரக்கு வெடித்து வெளியே வந்தால் எந்த இடத்தில் தவறினோம் என்று பின்னால் வருகிறவன் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. போன மாதம்கூட, நோட்டில் பிளேடால் சுரண்டிய ஒரு ஷிப்ட் ஆளை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன், "தப்பு எழுதுனதுக்கு இல்லய்யா, சுரண்டுனதுக்குத்தான் கேக்கறேன்" என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் இப்போது என் எதிரில் நின்றால் நான்தான் குனிய வேண்டும்.

பதினோரு மணி நான்கு நிமிடம். போன் போடுகிறேன்.

பதினோரு மணி பதினெட்டு. பேசிவிட்டேன். பெரிய டாக்டரே எடுத்தார். ஜீப்பு, வெட்டு, கேஸ்கெட், மூடி, முக்கால் மணி நேரம், மறுநாள் மீட்டர், எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஏன் சார் வந்த அன்னிக்கே சொல்லல?" என்றார். ஊசியை நிறுத்தி வைப்பதாகவும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று முடிவு செய்வதாகவும் சொன்னார். "சரியாயிடுவானா சார்?" என்று கேட்டேன். "சில பிள்ளைங்க மெதுவா திரும்பி வந்துடுவாங்க. எல்லாரும்னு நான் சொல்ல மாட்டேன். நாள் போயிருக்கு" என்றார். அப்புறம், "அவங்க அம்மாவுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றார். "நான் சொல்றேன். ரெண்டரைக்குள்ள வந்துடுவேன்" என்றேன். வைத்துவிட்டார்.

எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. இனி நான் செய்யப் போவது:

1. பதினாறு நூலோடு பானட்டைப் படம் எடுத்துக்கொள்வேன். மீட்டரையும் பழைய சீட்டையும் பையில் வைப்பேன்.

2. சலீம் பாயைக் கூப்பிட்டு ஜீப்பின் புகைக்குழாயைக் கழற்றச் சொல்வேன். சாவியை அவரிடமே கொடுத்துவிடுவேன். ஓடவிடக் கூடாது என்று சொல்வேன், ஏன் என்றும் சொல்வேன்.

3. பஸ்ஸில் அம்மாவுக்குப் போனில் சொல்ல மாட்டேன். முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவள் அடித்தால் நிற்பேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றால், சரி என்பேன்.

4. கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி, "இல்லை" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போடச் சொல்வேன். பக்கத்தில் "ஆம்" என்று எழுதி, கீழே என் பெயரையும் மணியையும் போடச் சொல்வேன்.

5. சாயங்காலம் சேத்தியாத்தோப்புக்குப் போவேன். பெரியம்மா வூட்டு வாசலில் நின்று, முட்டை நல்ல முட்டைதான் என்று சொல்வேன். தெருவில் யார் கேட்டாலும் கேட்கட்டும். கையோடு அவரை பஸ் ஏற்றி உன்னிடம் கூட்டி வருவேன்.

6. இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்து வைக்கப் போகிறேன். உனக்குக் கொடுப்பதா கிழிப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

7. அப்புறம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூவனூர், உளுந்தூர்பேட்டை, பரிக்கல் என்று உன்னோடு சேர்ந்து சொல்வேன். பரிக்கலில் நீ நின்றால் நானும் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும், அடுத்த ஸ்டேஷனை நீ சொல்கிற வரைக்கும்.